ஒப்பித்தல்

புத்தகத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன். பையன் நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டே போனான்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வேடசந்தூர் பக்கம், எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு நூற்பாலைச் சுவர் தெரிகிற ஊர். நல்ல குரல். கால்புள்ளி வரும் இடத்தில் நிறுத்தினான், கேள்விக்குறி வரும் இடத்தில் குரலை உயர்த்தினான். பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தான். கையை எடுத்துவிட்டு, நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். அவன் முதல் வரிக்குப் போனான். வாய்க்குள் முணுமுணுத்தபடி ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்தி, என் விரல் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்து, "உழவர்" என்றான். சரிதான். ஆனால் அந்தச் சொல்லை அவன் வாசிக்கவில்லை, எண்ணிக் கண்டுபிடித்தான்.

இதைச் செய்ய மூளை வேண்டும். வாசிக்கத் தெரிந்தவனுக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படாது.

"நல்லா வாசிக்கிறான்ல சார்? மூணாப்புலயே மலர்னு போட்டாங்க" என்றார் அவன் அம்மா. ஆலையில் ஷிப்ட் வேலை. என்னிடம்தான் ஐந்தாம் வகுப்பு படித்தவர். அரும்பு, மொட்டு, மலர் என்பவை 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் மூன்று நிலைகள். மலர் என்றால் மூன்றாம் வகுப்பு நிலைக்கு வந்துவிட்டான் என்று பொருள். 2022 ஜூனில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பதே இலக்காகச் சொல்லப்பட்டது. இவன் அந்த இலக்குக்குள் வந்த பிள்ளை. எங்கோ ஒரு திரையில், எட்டிவிட்டவர்களின் எண்ணிக்கையில், இவனும் ஒன்று.

நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. ஒப்பித்தல். பாடம் ஒப்பிப்பதும் அதுதான். கணக்கு ஒப்புவிப்பதும் அதுதான். ஒப்புவித்தல் என்பதே தேய்ந்து ஒப்பித்தல் ஆயிற்று. பிள்ளை ஆசிரியரிடம் பாடத்தை ஒப்பிக்கிறது. ஆசிரியர் அலுவலகத்திடம் எண்ணிக்கையை ஒப்புவிக்கிறார். அலுவலகம் சென்னையிடம் ஒப்புவிக்கிறது. பொறுப்புக்கூறல் என்று இப்போது கருத்தரங்குகளில் புழங்கும் சொல்லைவிட இந்தப் பழைய சொல் நடப்பதை நேராகச் சொல்கிறது. மேலே இருப்பவர் முன்னால் கைகட்டி நின்று, அவர் எதிர்பார்ப்பதைத் திக்காமல் சொல்லிவிட்டு உட்கார்வது.

நானும் செய்திருக்கிறேன். 2001, 2002 வாக்கில் நான் வேலை பார்த்த பள்ளியில், ஏ.இ.ஓ. வரப்போகிறார் என்றால் ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பு முழுக்கச் சேர்ந்து அதைச் சத்தமாகச் சொல்லும். காலையில் மூன்று தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு தடவை. ஐந்து நாளில் கடைசி வரிசைகூட ஒப்பிக்கும். அதிகாரி வந்து "எந்தப் பாடம் ஓடுது?" என்று கேட்பார். அந்தப் பக்கத்தை விரித்து நீட்டுவோம். அவர் எந்தப் பிள்ளையை எழுப்பினாலும் புத்தகத்தை நேராகப் பிடித்து மடமடவென்று சொல்லும். நன்று என்று பதிவேட்டில் எழுதிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். அவருக்கும் தெரியும் என்றே இப்போது நினைக்கிறேன். அவரும் முன்னாள் வாத்தியார்தானே.

அப்படி எழுந்து நின்று சொன்ன பிள்ளைகளில் இந்தப் பையனின் அம்மாவும் ஒருவர். இன்றைக்கு அவர் போனில் எனக்கு வருவதெல்லாம் வாய்ஸ் மெசேஜ். நான் எழுதி அனுப்பினால் பதில் வராது. கொஞ்ச நாள் அது வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதால், இலக்கியம் இந்தப் பிள்ளையை என்ன செய்தது என்று கேட்டுப்பார்க்கலாம். பள்ளிக்கூடம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் அதிகம் கைமாறிய புத்தகங்களில் ஒன்று இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஒரு அறிவியல் ஆசிரியை தன் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்த குறுநாவல். ஆசிரியப் பயிற்சிக்குப் போனால் யாராவது ஒருவர் அதைக் கொடுத்து அழவைத்துவிடுவார்கள். நானும் அழுதேன். ஆனால் ஆயிஷாவின் சிக்கல் என்ன? அவள் அதிகம் வாசிக்கிறாள், அதிகம் கேட்கிறாள். பள்ளிக்கூடம் அவளைத் தாங்க முடியாமல் கொன்றுவிடுகிறது. நம் கதைகளில் நசுக்கப்படும் பிள்ளை பெரும்பாலும் ஆயிஷாவின் சாதிதான்: சுடர், மேதை, மலரும் முன் கருகியது. என் வகுப்பில் முப்பது வருஷத்தில் ஆயிஷாக்கள் இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள். கடைசி வரிசையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில். அவர்களைப் பற்றி ஒரு நல்ல கதை எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. கேள்வி கேட்காத, தொந்தரவு செய்யாத, ஒன்றும் தெரியாமல் ஐந்து வருஷம் அமைதியாக உட்கார்ந்திருந்து போன பிள்ளைக்குக் கதாநாயகத் தகுதி இல்லை போலும்.

சினிமா இன்னும் மோசம். 'சாட்டை' 2012இல் வந்தபோது ஆசிரியர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். கைதட்டினோம். படத்தின் நல்ல ஆசிரியர் ஒரு அரசுப் பள்ளியைத் தூக்கி நிறுத்துகிறார். தூக்கி நிறுத்தியதற்குச் சான்று? தேர்ச்சி விகிதம். அந்தச் சான்றை யாரும் சந்தேகிக்கவில்லை, நாங்களும்தான்.

குஜராத்தியில் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' வேறு வகை. 1930களின் தொடக்கத்தில் வந்தது, தமிழிலும் நெடுநாளாகக் கிடைக்கிறது. ஒரு ஆசிரியர் நான்காம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு வருஷம் சோதனை செய்கிறார். முதல் நாள் படுதோல்வி, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார், நாள்கணக்கில் கதை. பாடப் புத்தகத்துக்குச் செலவாகும் காசைச் சேர்த்துக் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்பிலேயே ஒரு சிறு நூலகம் வைக்கிறார். இதைப் புகழ்பவர்கள் எல்லோரும் கதை சொல்வதைப் புகழ்வார்கள். என் கண்ணில் படுவது வேறு. அந்த நாவலில் ஒரு கல்வி அதிகாரி இருக்கிறார். அனுமதி கொடுத்தவர் அவர். சும்மா அனுமதி கொடுத்துவிட்டுக் காணாமல் போகவில்லை. வந்து பார்க்கிறார், சந்தேகப்படுகிறார், கேட்கிறார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று நின்று கவனிக்கிறார். ஆசிரியர் அவருக்குப் படிவம் நிரப்பித் தருவதில்லை. இரண்டு பேரும் ஒரே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்தப் புத்தகத்தின் உண்மையான பகல் கனவு எது என்று என்னைக் கேட்டால், அந்த அதிகாரியைத்தான் காட்டுவேன்.

எங்கள் மாவட்டத்துக்கு எழுத்துப் பெருமை குறைவில்லை. ராஜமய்யர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா மூன்று பேருக்கும் வத்தலக்குண்டுதான் ஊர். 'கமலாம்பாள் சரித்திர'த்தில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை, செய்யுள்களை அடுக்கடுக்காக ஒப்பிக்கும் தமிழ்ப் பண்டிதர். சிரித்துச் சிரித்து வாசிக்கலாம். செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்றைக்குத் திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் மேடைக்கு மேடை 'வாசிப்பு குறைந்துவிட்டது' என்று பேசுகிறோம். நாம் சொல்லும் வாசிப்பு, ஏற்கெனவே எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் நாவல் வாங்குகிறாரா இல்லையா என்பது. அந்த அரங்கத்துக்கு வெளியே பள்ளிச் சீருடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேரால் அட்டையில் உள்ள தலைப்பைப் படிக்க முடியும் என்று நாம் கேட்பதில்லை.

கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வு 2005 முதல் நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டுகிறார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. அவ்வளவுதான். ஒரு வாரம் முன்னால் சேர்ந்து கத்திப் பழக வழியில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில், அரசு, தனியார் இரண்டும் சேர்த்து, மூன்றாம் வகுப்பில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 2018இல் நூற்றுக்கு 10.2 பேர். கொரோனா முடிந்து 2022இல் 4.8. ஐந்தாம் வகுப்பிலேயே அந்த ஆண்டு நான்கில் ஒரு பிள்ளைதான். 2024இல் மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறை இந்த எண்கள் வரும்போதும் இங்கே நடப்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்க்கட்சி எடுத்து வீசும். ஆளுங்கட்சி அளவுகோலே கோணல் என்னும். வருஷா வருஷம் நாற்காலிகள் மாறினாலும் வசனம் மாறாது.

அளவுகோலில் குறை இல்லாமல் இல்லை. ஓர் இலக்கிய வாசகனாக அந்த வகைக் கதைத்தாள்களைப் பார்த்தால் முதலில் உறுத்துவது மொழி. 'போயிட்டு வந்தேன்' என்று சொல்லி வளர்ந்த பிள்ளை 'சென்று வந்தேன்' என்பதைப் பார்க்கிறது. எழுத்துக் கூட்டி 'செ-ன்-று' என்று ஒலித்துவிட்டாலும், அந்த ஒலி அதன் காதில் எந்த மணியையும் அடிப்பதில்லை. தமிழ்ப் பிள்ளை வாசிக்கக் கற்கும்போது கூடவே இன்னொரு தமிழையும் கற்கிறது. அதோடு நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீள்பவை. 'வந்துகொண்டிருந்தபோது' என்ற ஒரே சொல் ஒரு எட்டு வயதுக் கண்ணுக்குச் சரக்கு ரயில். வாய்விட்டு வாசிப்பதை மட்டும் அளந்தால் புரிந்ததா என்பது தெரியாமல் போகும். இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தத் தாளை அந்தப் பையனிடம் நீட்டியிருந்தால் முதல் வரியிலேயே உண்மை தெரிந்திருக்கும். பழகாத ஒரு வரி போதும்.

பழகிய வரியைக் கேட்டு ஏமாறுவது புது நோய் அல்ல. 1862இல் இங்கிலாந்து, பிள்ளைகள் தேர்வில் காட்டும் திறனை வைத்துப் பள்ளிக்கு மானியம் என்று சட்டம் போட்டது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொல்வார். தலைக்கு இவ்வளவு காசு. அந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் மாத்யூ ஆர்னால்ட், கவிஞர், விமர்சகர். இலக்கிய வகுப்பில் நாம் படிக்கும் அதே ஆர்னால்ட் முப்பத்தைந்து வருஷம் பள்ளி பள்ளியாக அலைந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டவர். வாசிக்கத் தெரியாமலே வாசிப்புத் தேர்வில் தேறிவிடலாம், ஒரு புத்தகத்தை நெட்டுருப் போட்டால் போதும் என்று அவர் தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப முறையிட்டார். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1860களில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வரை நம் ஊர்த் திண்ணை வாத்தியார்களும் ரிசல்ட் மானியத்துக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்தார்கள். நான் செய்தது எனக்கு யாரும் சொல்லித்தராமல் வந்ததாக நினைத்திருந்தேன். பரம்பரைச் சொத்து.

காசு கட்டிவிட்டால் பொய் வரும், சரி. காசும் தண்டனையும் இல்லாவிட்டால்? மத்தியப் பிரதேசத்தில் அரசுப் பள்ளிகளே நடத்திய மதிப்பீட்டை அபிஜித் சிங் என்ற பொருளியலாளர் சோதித்தார். அதே பிள்ளைகள், அதே கேள்விகள், கொஞ்ச நாள் கழித்து வெளியாட்கள் வைத்துக் கேட்டார்கள். மதிப்பெண் சடாரென்று இறங்கியது. இத்தனைக்கும் அந்த மதிப்பீட்டில் யாருக்கும் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. பிறகு ஏன் கூட்டிப் போட்டார்கள்? எனக்கு விடை தெரியும். குறைவாகப் போட்டால் போன் வரும். "என்ன சார், உங்க ஸ்கூல் மட்டும் சிவப்புல நிக்குது?" கூடப் போட்டால் போன் வராது.

ஆசிரியர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருக்கும் பள்ளிகள் இந்தச் சமவெளி முழுக்க உண்டு. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துக்கொண்டு, கையில் போனை வைத்து ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் ஏற்ற வேண்டும். நெட் கிடைக்காமல் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். 2023இல் டிட்டோஜாக் கூட்டமைப்பு போராடியபோது இந்த ஆன்லைன் பதிவேற்றம் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. நியாயமான கோரிக்கை. ஆனால் பி.எட். மாணவர்களை வெளியிலிருந்து அனுப்பிப் பிள்ளைகளைச் சோதிப்பதையும் சேர்த்தே எதிர்த்தோம். நாங்கள் சொல்லும் எண்ணையும் நம்பாதே, வேறு யாரும் வந்து எண்ணவும் கூடாது என்றால், அந்தப் பையனின் அம்மா யாரைப் போய்க் கேட்பார்? சங்கத்து நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். இதே சங்கத்துக்குச் சந்தா கட்டியவன்தான் நான்.

தேர்வு வைத்தால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று ஆணை வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் ரத்தானது. நல்ல காலம். பத்து வயதுப் பிள்ளையை நிறுத்திவைத்து, முதல் நான்கு வருஷம் அதற்கு யாரும் சொல்லித்தராததற்குக் கணக்குத் தீர்ப்பது என்ன நியாயம்?

என் வேலைக் காலத்தில் வேறொரு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ரிஷி வேலியின் அட்டை முறையிலிருந்து வந்தது. 2007-08இல் மாநிலம் முழுக்க, எங்களுக்கும் வந்தது. முதலில் எரிச்சல்பட்டேன். பாடப் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட்டு அட்டைகள், சின்னங்கள், பாயில் வட்டமாக உட்கார்தல். பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஏணி என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்க்கலாம். அட்டையை முடித்துவிட்டு அடுத்த அட்டையைத் தானே போய் எடுக்கும். தாண்டிக் குதிக்க முடியாது. சேர்ந்து கத்தவும் வழியில்லை, ஏனென்றால் பக்கத்துப் பிள்ளை வேறு அட்டையில் இருக்கும். அந்தக் கொஞ்ச காலம் என் வகுப்பில் கணக்கு மேலே போகாமல் கீழே, தரையில், பிள்ளையின் கண் மட்டத்தில் இருந்தது. பிறகு அதுவும் காட்சிப்பொருள் ஆயிற்று. விசிட் வரும் நாளில் மட்டும் பாய் விரித்த பள்ளிகள் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏணியைக் கைவிட்டதற்கு நான் இன்னும் வருத்தப்படுகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த 'இல்லம் தேடிக் கல்வி' பற்றியும் ஒரு வார்த்தை. 2021 அக்டோபரில் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு, அதே தெருவில் இருக்கும் ஒரு பெண், மாலையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருவார். ஏளனம் செய்தவர்களில் நானும் உண்டு. பயிற்சி பெற்றவன் முப்பது வருஷத்தில் முடிக்காததை பிளஸ் டூ படித்த பிள்ளை முடிக்குமா என்று. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். பள்ளி மூடியிருந்தபோது இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்தில் திரும்பியது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால். என் ஏளனத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் நன்றாகக் கற்பித்தார் என்பது ஒரு காரணம். அவர் அதே தெருவில் இருக்கிறார் என்பது இன்னொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணிக் குழாயடியில் பிள்ளையின் அம்மா அவரைப் பார்ப்பார். "எம்மவன் என்ன பண்றான்?" என்பார். அங்கே மலர், மொட்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்தக் கேள்விக்குப் பள்ளிக்குள் ஒரு இடம் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொன்னது; 2022இல் தமிழ்நாடு முழுக்கப் புதிதாக அமைத்தார்கள்; பெற்றோரில் ஒரு பெண்தான் தலைவர். கழிப்பறை, சுற்றுச்சுவர், சத்துணவுக்கூடம் எல்லாம் அங்கே பேசப்படும். அவையும் வேண்டியவைதான். எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அம்மாக்கள் முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் பழகாத ஒரு பக்கத்தை வாசித்தால் என்ன என்று யோசித்திருக்கிறேன். உடனே பயமும் வருகிறது. திக்குகிற பிள்ளைக்கு அன்றைக்கு ராத்திரி வீட்டில் அடி விழும். யார் வீட்டுப் பிள்ளை திக்கியது என்பதில் சாதிப் பேச்சும் வரும். ஊர் முன்னால் வேண்டாம். ஒரு அம்மா, ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை, நடுவில் ஒரு புத்தகம், பத்து நிமிஷம் என்றால் போதும். கூட்டம் வேலை நாளில் மூன்று மணிக்கு என்றால் மட்டும் அதுவும் நடக்காது. மூன்று மணிக்கு இந்த ஊர் அம்மாக்கள் பாதிப் பேர் ஆலைக்குள் இருப்பார்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "அவன் வாசிக்கலம்மா. மனப்பாடம் பண்ணிச் சொல்றான்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அப்பிடித்தான சார் சொல்லிக்குடுத்தீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அரசு வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் சில என்னிடம் இருந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. படம் பெரிது, வரி சின்னது, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ். ஐந்தாம் வகுப்புப் பையனிடம் 'நுழை'யைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அவனுக்குக் கூச்சம் இல்லை. மூன்று வரிக்கு நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டான். ஒரு இடத்தில் நின்றான், படத்தைப் பார்த்தான், மறுபடி எழுத்தைப் பார்த்தான். முதல் வரிக்குத் திரும்பிப் போகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அந்தச் சொல்லை அவனுக்கு முன்னால் உதட்டை அசைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் நிறுத்திவிட்டார். இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும்.